பிரேசிலின் பால் எலுமிச்சைப் பானம்: உறைபதத்தில் வீட்டிலேயே செய்யும் முறை

எலுமிச்சைச் சாற்றையும் பாலையும் ஒன்றாகச் சேர்ப்பது என்றாலே நம் வீடுகளில் பால் திரிந்துபோவதுதான் முதலில் நினைவுக்கு வரும். பனீர் செய்வதற்காகக் கொதிக்கும் பாலில் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு, ஒரு நிமிடத்திற்குள் பால் வேறு, நீர் வேறாகப் பிரிவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அதே இரண்டையும் கொண்டு வழுவழுப்பான ஒரு குளிர்பானம் செய்யலாம் என்பது நம்பக் கடினமாகவே இருக்கும். பிரேசில் நாட்டில் அது அன்றாடப் பானம். அங்கே அதற்கு ‘லிமொனாடா சுயீசா’ என்று பெயர். பெயருக்குப் பொருள் சுவிஸ் எலுமிச்சைப் பானம் என்றாலும், பானம் பிரேசிலுடையதுதான். எலுமிச்சையைத் தோலோடு வெட்டி, தண்ணீரும் சர்க்கரையும் பனிக்கட்டியும் சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி, உடனே வடிகட்டி, பல வீடுகளில் கண்டென்ஸ்டு மில்க்கும் கலந்து, நுரை அடங்குவதற்குள் குடித்துவிடுவார்கள்.

பிரேசிலியர்களின் இனிப்புகளில் கண்டென்ஸ்டு மில்க் இல்லாதவற்றை எண்ணிவிடலாம். சாவோ பாவுலோ மாநிலத்தில் உள்ள அராராஸ் நகரில் 1921-ஆம் ஆண்டு நெஸ்லே நிறுவனம் தன் முதல் பிரேசில் தொழிற்சாலையைத் தொடங்கியபோது அங்கே தயாரானது இந்தக் கெட்டிப்பால்தான். டப்பாவின் மேல் பால் வாளி சுமக்கும் இளம்பெண் படம் இருந்ததால் மக்கள் அதை ‘லேய்ச்சி மோசா’, அதாவது இளம்பெண் பால் என்றே அழைத்தார்கள். பின்னர் அதுவே வணிகப் பெயராகவும் நிலைத்தது. நம் மளிகைக் கடைகளில் ‘மில்க்மெய்ட்’ என்ற பெயரில் கிடைப்பது அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே இந்தப் பானத்திற்கு வேண்டிய பொருள்களைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது செய்முறையை மட்டுமே.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது, அந்தப் பானத்தைச் சாதாரண ஜூஸ் பதத்தில் அல்லாமல், கரண்டியால் அள்ளினால் குவிந்து நிற்கும் உறைபதத்தில் செய்யும் முறை. நம் ஊர் எலுமிச்சைக்கும் நம் வீட்டு மிக்ஸிக்கும் ஏற்றவாறு பலமுறை செய்து பார்த்து அளவுகளை மாற்றியிருக்கிறேன். முதன்முறையாகச் செய்பவர்கள் இந்த அளவுகளை அப்படியே பின்பற்றிவிட்டு, அடுத்த முறையிலிருந்து தங்கள் நாவுக்கேற்ப மாற்றிக்கொள்வது நல்லது.

நம் எலுமிச்சையும் அவர்கள் எலுமிச்சையும்

பிரேசிலில் ‘லிமாவ்’ என்று கேட்டால் பெரும்பாலும் தஹிதி எலுமிச்சையைத்தான் கொடுப்பார்கள். அது பச்சை நிறத்தில், நம் பழத்தைவிடப் பெரிதாக, விதையே இல்லாமல் இருக்கும். மஞ்சள் நிறத்தில் இரு முனையும் கூம்பிய பெரிய பழத்துக்கு அங்கே சிசிலி எலுமிச்சை என்று தனிப்பெயர் உண்டு. புளியங்குடியிலிருந்தும் ஆந்திரத்தின் கூடூரிலிருந்தும் நம் சந்தைகளுக்கு வரும் சிறிய, உருண்டையான, மெல்லிய தோலுடைய எலுமிச்சையும் பிரேசிலுக்குப் புதிதல்ல. ‘லிமாவ் கலேகோ’ என்ற பெயரில் அங்கும் அது விளைகிறது. ஆனால் இந்தப் பானத்தின் வழக்கமான செய்முறை விதையில்லாத தஹிதிப் பழத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதை நம் பழத்திற்கு அப்படியே பொருத்தி, ‘நான்கு எலுமிச்சையை நான்காக வெட்டி மிக்ஸியில் போடவும்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்தால், நம் பழத்தின் விதைகளும் சேர்ந்து அரைபட்டுப் பானம் கசந்துவிடும்.

நான் முதன்முறை செய்தபோது நடந்ததும் அதுதான். விதைகளை எடுக்கவில்லை; மிக்ஸியையும் அரை நிமிடம் ஓடவிட்டேன். வடிகட்டியவுடன் ஒரு வாய் குடித்துப் பார்த்தபோது மணம் அருமையாக இருந்தது, கசப்பும் பெரிதாகத் தெரியவில்லை. விருந்தினர் வந்து அமர்ந்து, டம்ளர்களை எடுத்துக் கொடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் அது நிலவேம்புக் கஷாயத்தைப் போலாகிவிட்டது. குடித்த குழந்தையின் முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகுதான் டம்ளரை வாங்கி நானும் மறுபடி சுவைத்தேன்.

முதலில் இல்லாத கசப்பு பிறகு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், இந்தச் செய்முறையின் பாதி விளங்கிவிடும். எலுமிச்சை இனத்துப் பழங்களின் விதையிலும், தோலுக்கு உட்புறம் இருக்கும் வெள்ளைப் பஞ்சிலும் கசப்பில்லாத ஒரு பொருள் இருக்கிறது. பழம் முழுதாக இருக்கும்வரை அது அப்படியே இருக்கும். வெட்டி அரைத்து அமிலமான சாற்றோடு கலந்துவிட்டால், அது சிறிது சிறிதாக லிமோனின் என்னும் கசப்புப் பொருளாக மாறத் தொடங்கும். அரைத்த உடனே தெரியாத கசப்பு நேரம் செல்லச் செல்ல ஏறுவதற்கு இதுவே காரணம். தோலின் வெளிப்புறத்தில் ஊசிமுனை அளவில் தெரியும் சிறு பைகளில் உள்ள எண்ணெய்தான் மணத்தைத் தருவது. நமக்கு வேண்டியது அந்த எண்ணெய். வேண்டாதது விதையும் வெள்ளைப் பஞ்சும். எனவே விதையை முழுவதுமாக நீக்குவது, மிக்ஸியை நொடிக்கணக்கில் மட்டும் ஓட்டுவது, உடனே வடிகட்டுவது, வடிகட்டியதை வைத்திருக்காமல் பயன்படுத்துவது ஆகிய நான்கிலும் கவனம் வேண்டும்.

தேவையான பொருள்கள்

கீழ்க்காணும் அளவில் செய்தால் ஏறத்தாழ 200 மில்லி லிட்டர் கொள்ளும் டம்ளர்களில் நான்கு பேருக்குக் கொடுக்கலாம்.

எலுமிச்சம்பழம், நடுத்தர அளவில் – 5
கண்டென்ஸ்டு மில்க் – 160 கிராம் (மேசைக்கரண்டியால் 8)
பால் கட்டிகளுக்குத் தண்ணீர் – 350 மில்லி லிட்டர்
எலுமிச்சை அரைக்க மிகக் குளிர்ந்த தண்ணீர் – 200 மில்லி லிட்டர்
சர்க்கரை – 2 மேசைக்கரண்டி
உப்பு – ஒரு சிட்டிகை

தண்ணீர் இரண்டையும் கொதிக்க வைத்து ஆறவிட்டதாகவோ, நீங்கள் வழக்கமாக நம்பிக் குடிக்கும் குடிநீராகவோ பயன்படுத்துங்கள். உறைய வைத்தால் கிருமிகள் இறந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது உண்மையல்ல. உறைநிலையில் அவை பெருகாமல் இருக்குமே தவிர, பெரும்பாலானவை உயிரோடுதான் இருக்கும்.

பழத்தைத் தேர்ந்தெடுப்பதில் சற்று நேரம் செலவிடுங்கள். கையில் எடுத்தால் அளவுக்கு மிஞ்சிக் கனக்க வேண்டும். தோல் மெல்லியதாகவும் பளபளப்பாகவும் இருக்க வேண்டும். ஐந்தில் இரண்டு பழங்களைத் தோலோடு அரைக்கப் போகிறோம் என்பதால், அந்த இரண்டு மட்டும் இளம்பச்சை மாறாமல், கரும்புள்ளியோ தழும்போ இல்லாமல் இருக்கட்டும். நன்றாகப் பழுத்து மஞ்சளாகித் தோல் வாடிய பழத்தில் சாறு இருந்தாலும் தோலில் மணம் குறைந்திருக்கும். தோலைச் சாப்பிடப் போவதால், வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது கல் உப்பைப் போட்டு, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். வெளிநாடுகளில் இருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். அங்குள்ள பெரிய கடைகளில் பழத்தின் மேல் மெழுகு பூசி விற்பது வழக்கம். வெந்நீரில் நனைத்துத் தேய்த்தால்தான் அது போகும்.

நாரத்தையையும் கொழுமிச்சையையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஊறுகாய்க்கு அவற்றைப் போல் வேறில்லை. ஆனால் தோலோடு அரைக்கும்போது அவற்றின் கசப்பை எந்தக் கெட்டிப்பாலாலும் மறைக்க முடியாது.

முதல் நாள் இரவு: பால் கட்டிகள்

பலரும் செய்வது, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அதன்மேல் வெறும் ஐஸ் கட்டியைப் போட்டு அரைப்பது. அப்படிச் செய்தால் ஐஸ் உருக உருகப் பானம் நீர்த்துப்போகும். கெட்டியான ஐஸ் கட்டிகளை உடைக்க மிக்ஸியும் திணறும். அதற்குப் பதிலாக, பாலையே கட்டிகளாக உறைய வைத்துவிட்டால் இரண்டு தொல்லைகளும் தீர்ந்துவிடும். பால் கட்டி உருகினாலும் பால்தான் வரும். அதில் சர்க்கரை கலந்திருப்பதால் அது கல்லாக இறுகாது. கத்தி முனையால் குத்தினாலே பொடியும் அளவுக்கு மென்மையாக இருக்கும்.

350 மில்லி லிட்டர் தண்ணீரை வெதுவெதுப்பாகச் சூடாக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, அதில் கண்டென்ஸ்டு மில்க்கை ஊற்றி, அடியில் ஒட்டாமல் கரையும்வரை கலக்குங்கள். குளிர்ந்த தண்ணீரில் கலக்கினால் கெட்டிப்பால் பாத்திரத்தின் அடியில் பசையாகப் படிந்துவிடும். உப்பையும் இப்போதே சேர்த்துவிடலாம். முழுவதும் ஆறியபின் ஐஸ் ட்ரேக்களில் ஊற்றி உறைபெட்டியில் வையுங்கள். சாதாரண அளவுள்ள ட்ரே இரண்டு தேவைப்படும். ட்ரே போதவில்லை என்றால், விளிம்பு உயர்ந்த ஓர் எவர்சில்வர் தட்டில் ஒரு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி உறைய வைத்து, பிறகு துண்டுகளாகப் பெயர்த்துக்கொள்ளலாம். ஆழமான கிண்ணத்தில் ஊற்றி ஒரே பாளமாக உறைய வைக்க வேண்டாம். அதை உடைப்பதற்குள் பாதி உருகிவிடும்.

குறைந்தது 8 மணி நேரம் உறையட்டும். உறைந்த கட்டிகளை உடனே பயன்படுத்தாவிட்டால், மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். பாலுக்கு அக்கம்பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும் தன்மை உண்டு. அதே உறைபெட்டியில் மீனோ மல்லிகைப்பூவோ இருந்தால் மறுநாள் பானத்தில் தெரியும். மின்வெட்டு நேர்ந்து கட்டிகள் முழுவதும் உருகி வெதுவெதுப்பாகிவிட்டால், மறுபடி உறைய வைக்காதீர்கள். டப்பாவில் உள்ள கெட்டிப்பால் கெடாமல் இருப்பதற்குக் காரணம், அதன் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் சர்க்கரை. தண்ணீர் சேர்த்தபின் அந்தக் காப்பு போய்விடும். அது சாதாரணப் பாலைப் போலவே கெட்டுவிடக்கூடியது.

டப்பாவில் மீந்திருக்கும் கண்டென்ஸ்டு மில்க்கைத் திறந்த டப்பாவிலேயே வைக்காமல், ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியிலோ எவர்சில்வர் டப்பாவிலோ மாற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

மறுநாள்: எலுமிச்சை

குடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் வந்து அமர்ந்த பிறகே இந்த வேலையைத் தொடங்குங்கள். டம்ளர்களையும் அரை மணி நேரம் முன்னதாகக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

மூன்று பழங்களை உள்ளங்கையால் மேடையில் அழுத்தி உருட்டி, குறுக்கே வெட்டி, சாற்றைப் பிழிந்து, விதை நீக்கி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளை, அலுமினியப் பாத்திரங்களைத் தவிர்த்துவிடுங்கள். எலுமிச்சையின் அமிலம் அவற்றை அரித்துப் பானத்தில் உலோகச் சுவை ஏற்றிவிடும். மூடியை விரலால் திருப்பி வெள்ளை நார் வரும்வரை முறுக்கிப் பிழிவதும் வேண்டாம். இயல்பாக வரும் சாறு போதும்.

தோலோடு அரைக்கப்போகும் இரண்டு பழங்களின் காம்புப் பக்கத்தையும் எதிர்ப்பக்கத்தையும் ஒரு நெல்மணி கனத்துக்குச் சீவி எறியுங்கள். பிறகு பழத்தை நெட்டுவாக்கில் நான்காக வெட்டினால், ஒவ்வொரு துண்டின் நடு விளிம்பிலும் வெள்ளை நரம்பு ஒன்று நீளமாக ஓடுவதைக் காணலாம். விதைகள் அதை ஒட்டித்தான் இருக்கும். கத்தியைச் சாய்த்துப் பிடித்து அந்த நரம்பைச் சீவி எடுத்தால், பாதிக்கு மேற்பட்ட விதைகளும் கூடவே வந்துவிடும். மீதியைக் கத்தி முனையால் நெம்பி எடுங்கள். ஒரு துண்டு முடிந்ததும் அதை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். சாற்றுப் பைகளுக்கு நடுவே புதைந்திருக்கும் விதை நிழலாகத் தெரியும். எட்டுத் துண்டுகளுக்கு நான்கு நிமிடம் ஆகலாம். இந்த நான்கு நிமிடத்தைச் சேமிக்கப் பார்க்காதீர்கள்.

இப்போது அந்த எட்டுத் துண்டுகளையும் சர்க்கரையையும் மிக்ஸி ஜாரில் போட்டு, 200 மில்லி லிட்டர் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி மூடுங்கள். சர்க்கரையைத் தனியே கரைக்காமல் இங்கேயே சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. அதன் கூரிய குருணைகள் தோலோடு உரசும்போது எண்ணெய்ப் பைகள் எளிதில் உடைந்து மணம் தண்ணீரில் இறங்கும். மிக்ஸியின் திருகியை இடப்பக்கமாக ஒரு நொடி திருப்பி விட்டுவிடுங்கள். இப்படி மூன்று முறை, நான்காவது வேண்டாம். மூடியைத் திறந்தால் தோல் துண்டுகள் மொச்சைப் பருப்பு அளவிலாவது தெரிய வேண்டும். விழுதாக ஆகியிருந்தால் அளவுக்கு மீறி ஓட்டிவிட்டீர்கள் என்று பொருள். மூடியைத் திறந்த அந்தக் கணத்தில் மேலெழும் மணத்தைப் பிழிந்த சாறு மட்டும் ஒருநாளும் தராது. எலுமிச்சைத் தோப்பில் இலையைக் கசக்கி முகர்ந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

உடனே சாறு வடிகட்டியில் ஊற்றி வடிகட்டுங்கள். தங்கியிருக்கும் சக்கையைக் கரண்டியால் அழுத்திப் பிழியக் கூடாது. அழுத்தினால் வருவது வெள்ளைப் பஞ்சில் ஊறியிருக்கும் நீர்தான். வடிகட்டியை இரண்டு முறை தட்டினால் இறங்கவேண்டியது இறங்கிவிடும். அதோடு முன்பு பிழிந்து வைத்த மூன்று பழச் சாற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் சிறிதளவு நாக்கில் வைத்துப் பாருங்கள். முகம் சுளிக்கும் அளவுக்குப் புளிக்க வேண்டும். பாலின் இனிப்பு இனிமேல்தான் சேரப்போகிறது. அதோடு, மிகக் குளிர்ந்த பொருளில் நாவுக்கு இனிப்பும் புளிப்பும் மங்கித்தான் தெரியும். இப்போதே குடிக்க இதமாக இருக்கிறது என்றால், முடிவில் சப்பென்று போய்விடும். இன்னொரு மூடி பிழிந்துகொள்ளுங்கள்.

இரண்டையும் சேர்த்தல்

மிக்ஸி ஜாரைக் கழுவி, எலுமிச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றுங்கள். பால் கட்டிகளை உறைபெட்டியிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்த பிறகு, பாதியளவை மட்டும் போடுங்கள். அடியில் திரவம் இல்லாமல் கட்டிகள் மட்டும் இருந்தால் கத்தி அவற்றுக்குக் கீழே வெற்றாகச் சுழலுமே தவிர ஒன்றும் அரைபடாது. மூடியைக் கையால் அழுத்திப் பிடித்து, முதலில் நொடிக்கணக்கில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். தொடக்கத்தில் கற்களைப் போட்டுக் குலுக்கியது போல் கடகடவென்று சத்தம் வரும். கட்டிகள் உடைய உடைய அது அடங்கி, மாவு அரைபடும்போது வரும் கனத்த ஒலியாக மாறும். அப்போது நிறுத்தி மீதிக் கட்டிகளையும் போட்டு, மீண்டும் அதே போல் ஓட்டி, கடைசியில் தொடர்ந்து 10 நொடி மட்டும் இரண்டாம் வேகத்தில் வையுங்கள். அந்தப் பத்து நொடியில்தான் காற்று உட்புகுந்து, நிறம் வெளுத்து, நுரை மேலேறும். ஜாரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல் இருந்தால் பொங்கி வழியாது. உங்கள் ஜார் சிறியது என்றால் இரண்டு தடவையாகச் செய்துகொள்ளுங்கள்.

கத்தி மாட்டிக்கொண்டு ஓடாமல் நின்றுவிட்டால், மிக்ஸியை அணைத்து ஜாரைக் கழற்றிய பிறகே கரண்டியால் கிளறிவிடுங்கள். கூடுதலாகத் தண்ணீர் ஊற்றத் தோன்றும்; ஊற்றாதீர்கள். இரண்டு நிமிடம் பொறுத்தால் விளிம்பிலுள்ள கட்டிகள் தாமாகவே இளகி வழிவிடும்.

பால் ஏன் திரியவில்லை என்ற கேள்வி இப்போது எழுந்திருக்கலாம். அமிலம் சேரும்போது பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. சூடான பாலில் இது கணத்தில் நடந்துவிடும். ஆனால் பனிக்கட்டி நிலையை ஒட்டிய குளிர்ச்சியில் அமிலம் சேர்ந்தாலும் அந்தப் புரதம் கண்ணுக்குத் தெரியும் திரளாகச் சேர்வது மிக மந்தமாகவே நடக்கும். வெப்பம் ஏறும்போதுதான் திரளும். அதோடு, கெட்டிப்பாலில் உள்ள மிகுதியான சர்க்கரையும் புரதத் துகள்கள் கரடுமுரடாகப் பிரியாமல் தடுக்கிறது. ஆக, பாலையும் எலுமிச்சையையும் கடைசிக் கணத்தில், உறைந்த நிலையில் சேர்ப்பது திரியாமல் காப்பதற்கும் சேர்த்துத்தான். அறை வெப்பத்தில் இருக்கும் பாலில் எலுமிச்சைத் தண்ணீரைக் கலந்துவிட்டுப் பிறகு உறைய வைத்தால், துருவல் போன்ற பொடித் திரள் கட்டாயம் தட்டுப்படும். கண்டென்ஸ்டு மில்க்குக்குப் பதிலாகப் பாக்கெட் பாலும் சர்க்கரையும் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். அது உறையும்போது பெரிய பெரிய பனிப்படிகங்கள் உண்டாகி, வழுவழுப்புக்குப் பதிலாக நறநறவென்றிருக்கும்.

சரியாக வராவிட்டால்

மிகவும் நீர்த்துப்போயிருந்தால், பெரும்பாலும் பால் கட்டிகள் முழுதாக உறையவில்லை, அல்லது எலுமிச்சை அரைத்த தண்ணீர் குளிர்ச்சியாக இல்லை. ஜாரோடு உறைபெட்டியில் 20 நிமிடம் வைத்து மறுபடி ஒரு சுற்று ஓட்டினால் ஓரளவு தேறிவிடும். அதற்கு மேல் வைத்தால் கசப்பு ஏறத் தொடங்கும். கட்டிகள் குறையுமோ என்ற ஐயம் இருந்தால் முதல் நாளே ஒரு பங்கு கூடுதலாக உறைய வைத்துக்கொள்வது அதைவிட நல்ல வழி.

லேசான கசப்பு தெரிந்தால், சிட்டிகை உப்பும் ஒரு மேசைக்கரண்டி கண்டென்ஸ்டு மில்க்கும் கூடுதலாகச் சேர்த்து ஓட்டுங்கள். உப்பு கசப்பை நாவுக்குத் தெரியாமல் மட்டுப்படுத்தும். கடுமையாகக் கசந்தால் அதைத் திருத்த வழியில்லை. அடுத்த முறை ஒரு பழத்தை மட்டும் தோலோடு அரைத்துப் பாருங்கள். கசப்பை அறவே விரும்பாதவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் செய்யும்போது, தோலின் பச்சைப் பகுதியை மட்டும் கேரட் துருவும் நுண்ணிய துருவியால் மேலாகச் சீவி, சர்க்கரையோடு விரல்களால் கசக்கி, தண்ணீர் சேர்த்து வடிகட்டிக்கொள்ளலாம். மணம் சிறிது குறையும். கசப்பு பெரும்பாலும் இருக்காது.

இனிப்பைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த அளவில் ஒரு டம்ளரில் ஏறத்தாழ 28 கிராம் சர்க்கரை, அதாவது ஏழு தேக்கரண்டிக்குச் சமமானது, இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது ஏற்ற பானம் அல்ல. தனியாகப் போடும் இரண்டு மேசைக்கரண்டிச் சர்க்கரையை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். கண்டென்ஸ்டு மில்க்கைக் குறைத்தால் வழுவழுப்பும் சேர்ந்து போய்விடும். அளவைக் குறைக்க விரும்பினால் சிறிய டம்ளரில் கொடுப்பதே சரியான வழி என்பது என் கருத்து.

பால் சேர்க்காதவர்களுக்கு

கொலம்பியாவின் கரீபியக் கடற்கரைப் பகுதியில் இதற்கு உறவான ஒரு பானம் உண்டு. தேங்காயும் எலுமிச்சையும் பனிக்கட்டியும் சேர்த்து அடித்து ‘லிமொனாடா தெ கோகோ’ என்று கொடுப்பார்கள். தேங்காய்ப் பால் நம் சமையலறைக்குப் பழகிய பொருள் என்பதால் இதுவும் எளிது. ஒரு பெரிய தேங்காயைத் துருவி, வெந்நீர் விட்டு அரைத்துப் பிழிந்த முதல் பாலில் 300 மில்லி லிட்டர் எடுத்து, 90 கிராம் சர்க்கரையைக் கரைத்து, மேற்சொன்னபடி கட்டிகளாக உறைய வையுங்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பதால், சர்க்கரை கரைவதற்கு முன் பாலைக் குளிர வைத்தால் கொழுப்பு தனியே திரண்டு மெழுகு போல் நாவில் ஒட்டும். எனவே பால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சர்க்கரையைக் கரைத்துவிட வேண்டும். மற்றபடி எலுமிச்சைப் பகுதி அப்படியே. தனிச் சர்க்கரையும் அதே அளவுதான்.

அமெரிக்காவில் எலுமிச்சை ஜூஸோடு வெனிலா ஐஸ்கிரீமைச் சேர்த்து அடித்துக் கொடுப்பதும் உண்டு. அவசரத்துக்கு அது கைகொடுக்கும். 200 மில்லி லிட்டர் எலுமிச்சை ஜூஸுக்கு நான்கு கரண்டி ஐஸ்கிரீம் போதும். வாங்கும்போது உறையின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்றிருந்தால் அதில் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய்க் கொழுப்பு இருக்கும். எலுமிச்சையோடு சேரும்போது அதன் பிசுபிசுப்பு தனித்துத் தெரியும். ‘ஐஸ்கிரீம்’ என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

பரிமாறுதல்

குளிர்ந்த டம்ளரில் முதலில் கரண்டியால் கட்டியான பகுதியை அள்ளிப் போட்டு, ஜாரின் அடியில் நிற்கும் இளகிய பகுதியை அதன்மேல் ஊற்றுங்கள். அப்படி ஊற்றினால் இரண்டும் சேர்ந்து ஒரே பதமாக அமையும். மேலே ஒரு சிட்டிகை பச்சைத் தோல் துருவலைத் தூவலாம். அதற்கு மேல் அலங்காரம் எதுவும் வேண்டியதில்லை. புதினாவைப் போட்டால் அதன் மணம் எலுமிச்சைத் தோலின் மணத்தை அடக்கிவிடும்.

பத்து நிமிடத்தில் நுரை மேலும் எலுமிச்சைத் தண்ணீர் கீழுமாகப் பிரியத் தொடங்கும். அது கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல; கரண்டியால் ஒருமுறை கலக்கிவிட்டுக் குடிக்கலாம். ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் டம்ளரில் வைத்திருக்காதீர்கள். யாராவது தாமதமாக வருவதாக இருந்தால், அவர்கள் பங்குப் பால் கட்டிகளை உறைபெட்டியிலேயே விட்டுவைத்து, ஒரு பழத்தை வெட்டாமல் தனியே எடுத்து வையுங்கள். அவர்கள் வந்து அமர்ந்த பிறகு புதிதாக அரைத்துக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.